மாதாவுக்குக் கொடுத்த தோள்

பரலோக மாதா திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் சவேரியார்பட்டிக் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மாதா சுரூபத்தை வைத்துச் சுமக்கும் சப்பரத்தைத் தூக்குகிறவர்களின் பெயர்களை அருளப்பன் சொல்லிக்கொண்டு வந்தார். சப்பரத்துக்குப் பொறுப்பு அவர்தான். தோளில் தாங்கும் நீண்ட மரத்தண்டில் எந்த இடம் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"முன்னால, எடப்பக்கம்..." என்று சொல்லி நிறுத்தினார்.

அது மிக்கேலின் இடம். மிக்கேல் இறந்த பிறகு அவர் மகன் ஆண்டனிராஜ் தூக்கினான். அவன் போன வருடம் டவுனில் வேறொரு சபையில் சேர்ந்துவிட்டான். மாதா சுரூபத்துக்கு முன்னால் நிற்பதே பாவம் என்று இப்போது சொல்கிறான்.

"மிக்கேல் வீட்டுல ஆள் இல்ல. அந்த எடத்த வேற யாராச்சும் கேக்குறீங்களா?"

"ஆள் இருக்கு. நான் தூக்குறேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து இன்னாசியம்மாள் எழுந்து நின்றாள். மிக்கேலின் மூத்த மகள். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அப்பாவின் உயரம் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

அருளப்பன் சிரிக்கவில்லை. "தாயி, இது வெளையாட்டு இல்ல. சப்பரம் சாஞ்சா ஊருக்கே அவமானம். பொம்பளைக இதுவரைக்கும் தண்டத் தொட்டதில்ல."

"ஆண்டவர வயித்துல சொமந்தது யாரு மாமா? மாதாதான? நெறமாசமா பெத்லகேம் வரைக்கும் போனாங்க. அந்தத் தாயத் தூக்க ஒரு பொம்பள தோளு ஆகாதா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அருளப்பன் பங்குச் சாமியாரைப் பார்த்தார். "திருச்சபைச் சட்டம் எதுவும் குறுக்கே நிக்கல. சப்பரம் உங்க பொறுப்பு, நீங்களே சொல்லுங்க" என்று அவர் விலகிக்கொண்டார்.

அருளப்பன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "ஒத்திகைக்கு வா. மண் மூடைய ஏத்திவச்சுத் தூக்குவோம். தோள் தாங்கலைன்னா நீயே வெலகிக்கிடணும்."

"வாரேன் மாமா."

இன்னாசியம்மாள் தினமும் டியூட்டி முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராகக் கோயிலுக்கு ஒத்திகைக்குப் போனாள். முதல் நாள் தோள்பட்டை கன்றிப்போனது. மறுநாள் துண்டை இன்னும் தடிமனாக மடித்து வைத்துக்கொண்டு தண்டின் கீழ் நின்றாள். தூக்கியதும் மூட்டு நடுங்கினால் எப்படி நிற்க வேண்டும், பக்கத்து ஆளின் காலோடு எப்படிக் காலை எடுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டது. திருவிழா நெருங்கியபோது அருளப்பன் அவள் தோளைக் கவனிப்பதை விட்டுவிட்டார். பின்னால் வரும் பையன்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

செய்தி ஆண்டனிராஜின் காதுக்கும் போனது. சாணார்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான் அவன். கடையைப் பூட்டிவிட்டு நேரே அக்கா வீட்டுக்கு வந்து, உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"ஏன்க்கா இப்டிப் பண்ணுற? என்னையக் குத்திக்காட்டவா?"

"ஒன்னைய எதுக்குடா குத்திக்காட்டணும்? அப்பா எடம் சும்மா கெடக்குது. நான் நிக்குறேன்."

"எனக்கு இயேசு போதும்க்கா. அவர அனுப்பக் கடவுள் அந்தம்மாவ ஒரு பாத்திரமா எடுத்துக்கிட்டாரு. அம்புட்டுத்தான். பாத்திரத்தப் போயி யாராச்சும் கும்பிடுவாங்களா?"

இன்னாசியம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"எனக்கும் அவரு மட்டுந்தான்டா சாமி. மாதாவ நான் ஆராதிக்கல. மரியாத பண்ணுறேன். அது வேற, இது வேற. எங்க வார்டுக்கு வந்து பாரு. பிள்ளையப் பாக்க வர்ற சனம் வாசல்லயே என்ன கேக்குது? 'தாய் நல்லாருக்காளா'ன்னு கேக்குது. என்னைக்காச்சும் ஒரு குடும்பம் பிள்ளைய மட்டும் வாங்கிட்டு, பெத்தவ மொகத்தப் பாக்காமப் போகும். அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்காது. பெத்தவளப் பாத்திரம்னு நெனச்சாத்தான் அப்படிப் போக முடியும்."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"இந்தத் தாய் பிள்ளையப் பெத்ததோட விடல. சிலுவை அடிவரைக்கும் கூடப் போயி நின்னாங்க. அவங்களக் கொண்டாடுனா இயேசு கோவிச்சுக்கிருவாரா? நம்ம அம்மாவ ஊரே மெச்சுனா ஒனக்குக் கோவம் வருமா, பெருமையா இருக்குமா?"

"அதயும் இதயும் முடிச்சுப் போடாதக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஆனால் அவன் குரலில் வந்தபோது இருந்த சூடு இல்லை.

ஆகஸ்ட் பதினைந்து. மதியம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. சாயங்கால வெயிலில் சப்பரம் புறப்பட்டது. நீலப் போர்வையும் கிரீடமுமாக மாதா, சுற்றிலும் சம்பங்கியும் ரோஜாவும். முன்னால் இடப்பக்கம் இன்னாசியம்மாள். தெருக்களில் பெண்கள் அவளைப் பார்த்ததும் ஜெபமாலையை இன்னும் உரக்கச் சொன்னார்கள். தண்டு தோளில் அழுந்த அழுந்த அவள் முதுகு நிமிர்ந்தது.

மேலத்தெரு முனையில் திருப்பம். ஆண்டனிராஜின் வீடு அங்கேதான். திரும்பும்போது பாரம் முழுக்க இடப்பக்கம் விழும். அந்த இடத்தில், அவளுக்குப் பின்னால் நின்ற செபஸ்தியான் சேற்றில் வழுக்கி விழுந்தான். அவன் தாங்கிய பாரமும் அவள் தோளுக்கு வந்தது. சப்பரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. மாதாவின் கிரீடம் ஆடியது. "ஐயோ மாதாவே!" என்று கூட்டம் அலறியது. அந்த அலறலில் தூக்கியவர்களின் கால்கள் தடுமாறின.

இன்னாசியம்மாள் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு கத்தினாள்.

"யாரும் வுடாதீங்க! மூச்ச இழுத்துப் புடிங்க! பயப்படக் கூடாது, என்னையப் பாருங்க! இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சந்தான்!"

பிரசவ வார்டில் தினமும் சொல்கிற வார்த்தைகள். அதே அதட்டல், அதே தைரியம். மீசை வைத்த ஆம்பளைகள் எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். "இப்ப மேல! தூக்கு!" என்றாள். தண்டு ஒரே சீராக மேலே வந்தது. மாதா நேராக நின்றாள்.

அதற்குள் ஆண்டனிராஜ் வீட்டிலிருந்து ஓடிவந்து, சப்பரத்துக்கு அடியில் கிடந்த செபஸ்தியானை வெளியே இழுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தான். செபஸ்தியானுக்கு அடி ஒன்றும் படவில்லை. வேறொருவன் அந்த இடத்தில் தோள் கொடுத்தான். ஆண்டனிராஜ் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து அக்காவின் வாயருகே பிடித்தான். அவள் தண்டை விடாமலே குடித்தாள்.

"செலைக்காக வரலக்கா. ஒனக்காக வந்தேன்."

"தெரியும்டா."

"அப்பா இருந்திருந்தா..." என்று தொடங்கியவன் முடிக்கவில்லை. சப்பரம் நகர்ந்தது. அவன் உள்ளே போகவில்லை. செம்பைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றான்.

கோயில் வாசலில் சப்பரத்தை இறக்கியபோது இன்னாசியம்மாளின் சேலை தோளோடு ஒட்டிப்போயிருந்தது. சுருக்கங்களை நீவிவிட்டு, மாதாவை அண்ணாந்து பார்த்து ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். தனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அருளப்பன் மைக்கைப் பிடித்தார். சப்பரம் தூக்கியவர்களின் பெயர்களை வாசித்து நன்றி சொல்வது வழக்கம். எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி முதலில் சொன்னார்:

"முன்னால, எடப்பக்கம். மிக்கேல் மகள் இன்னாசியம்மாள்!"

"மரியே வாழ்க!" என்று பெண்கள் எழுப்பிய குரலில் அடுத்த பெயர் யாருக்கும் கேட்கவில்லை.