முகம் பார்க்காத படிப்பு

மேற்படிப்புக்கு எந்தத் துறை என்று டாக்டரான மகள் குழம்பித் தவித்தபோது, அப்பாவுக்கு மட்டும் குழப்பமே இல்லை.

"ஸ்கேன் படிப்பை எடும்மா. ஏசி ரூம். நோயாளி மூஞ்சியப் பாத்து கெட்ட சேதி சொல்ற வேலையும் இல்ல. எறும்பு செத்தாலே உனக்குக் கண்ணு கலங்குமே!"

சரி, கைக்குப் பிடிபடுகிறதா பார்ப்போம் என்று ஸ்கேன் அறைக்குப் போனாள். அப்பாவும் ஒட்டிக்கொண்டு வந்தார். புதிதாக வருகிறவர்கள், தங்களோடு வந்தவரின் வயிற்றில்தான் ஸ்கேன் செய்து பழக வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்பா சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜம்மென்று படுத்தார்.

"கொழுப்பு மட்டுந்தான் தெரியும், பயப்படாத!"

குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை நகர்த்தினாள். கல்லீரலைத் தானே கண்டுபிடித்ததில் அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்து வலது சிறுநீரகம். அதன்மேல் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி.

கருவியைச் சாய்த்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். கட்டி அங்கேயே இருந்தது.

"என்னம்மா, வாயடைச்சுப் போயிட்ட? படிப்பு பிடிச்சிருக்கா?"

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அப்பாவின் முகம் இருக்கும்.