மந்திரவாதியின் வரிகள்

அலுவலகத்தில் அவளுக்கு நோண்டி என்று பெயர். எதையும் உள்ளது உள்ளபடி விடாமல் நோண்டிக்கொண்டே இருப்பாள் என்று யாரோ கிண்டலாகச் சொன்னது ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே அலுவலகத்தில் அவளுடைய அண்ணனை எல்லோரும் மந்திரவாதி என்பார்கள். அதைப் பயபக்தியோடு சொல்வார்கள்.

லிஃப்டை இயக்கும் கருவிகள் செய்யும் நிறுவனம் அது. அந்தக் கருவிக்குள் ஓடும் நிரலின் முதுகெலும்பை எழுதியவன் அண்ணன். ஏறக்குறைய எல்லாமே சி மொழிதான். லிஃப்ட் தளத்துக்குச் சரியாக வந்ததும் ப்ரேக் கவ்வ வேண்டிய இடத்தில் மட்டும், சி-யின் வேகம் போதாது என்று நடுவே, இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் அசெம்பிளிக் கட்டளைகளைச் செருகியிருந்தான். எல்லாக் கட்டளைகளையும் ஒரே மேற்கோள் குறிக்குள் மூச்சுவிடாமல் அடைத்திருந்தான். எந்த மதிப்பு எதற்கு என்று பெயர் கிடையாது, வெறும் எண்கள். விளக்கமாக ஒரு சொல் கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டி, "யாருக்கும் புரியாது, ஆனா ஓடும்" என்று பெருமையடித்துக்கொள்வது அங்கே வழக்கமாகியிருந்தது.

அந்த வருடம் கம்பைலரை மாற்ற முடிவு செய்தார்கள். எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருகிற கம்பைலரே மாறுவதால், நிரலின் ஒவ்வொரு பகுதியையும் ஒருவர் மறுபடி படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மந்திரவாதியின் வரிகள் நோண்டியின் பங்காக வந்தன. மேலாளருக்கு அது வெறும் சடங்கு. தங்கை அண்ணனிடம் என்ன கேட்டுவிடப் போகிறாள்?

அவள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"இந்த முதல் வரியும் கடைசி வரியும் எதுக்குண்ணா?"

"அது இருக்கணும். எடுத்தா லிஃப்ட் தளத்துக்கு ரெண்டு விரற்கடை கீழ நின்னுடும்."

"ஏன் கீழ நிக்குது?"

அண்ணன் திரையைப் பார்த்தான். கடைசி வரிக்கு இறங்கி, மறுபடி முதல் வரிக்கு ஏறினான். "எழுதினவன் நான். ஓடுதா இல்லையா, அதை மட்டும் பாரு."

"ஓடுறது தெரியுது. ஏன் ஓடுதுன்னு தெரியாம நான் கையெழுத்து போட மாட்டேன்."

அறையில் யாரோ இருமினார்கள். மேலாளர் பேச்சை மாற்றினார். பிறகு அவளைத் தனியே அழைத்து, வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், நான் மறுத்தேன் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள் என்றாள் அவள். அவர் முகம் சுருங்கியது. அன்று மாலையே அவளை அந்த வேலையிலிருந்து தூக்கி, பயனர் கையேட்டில் எழுத்துப்பிழை பார்க்க உட்கார வைத்தார்கள்.

விஷயம் வீட்டுக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா போனில் பிடிபிடியென்று பிடித்தாள். கூடப் பிறந்தவனை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைக்கிறவள் ஒரு தங்கையா என்று கேட்டாள். வீட்டில் வைத்துக் கேட்டிருந்தால் அவன் சிரித்து மழுப்பியிருப்பான், அதனால்தான் அங்கே கேட்டேன் என்றாள் மகள். அம்மா போனை வைத்துவிட்டாள்.

எழுத்துப்பிழை வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் அவள் அண்ணனின் வரிகளைத் தனியே பிரதி எடுத்து, தன் கைப்பட மாற்றி எழுத ஆரம்பித்தாள். யாரும் கேட்கவில்லை, கேட்டால் மறைக்கிற உத்தேசமும் அவளுக்கில்லை. ஒரு வரியில் ஒரே கட்டளை. எண்கள் இருந்த இடங்களில் வேகம், உயரம், ப்ரேக் என்று பெயர்கள். பக்கத்தில், அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்பதை அல்ல, ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சாதாரண மனிதப் பேச்சில் எழுதினாள்.

கடைசியாக, கணக்கு நடக்கும்போது மதிப்புகளைப் போட்டு வைக்கிற ரெஜிஸ்டர்களில், உள்ளே எதையெதைத் தொடுகிறோம் என்று கம்பைலருக்குச் சொல்ல வேண்டிய பகுதி. மேற்கோள் குறிக்குள் இருக்கும் கட்டளைகளின் அர்த்தத்தைக் கம்பைலர் ஆராய்வதில்லை. நாம் சொல்வதை அப்படியே நம்பிவிடும். வரி வரியாகப் பார்த்து உண்மையை எழுதிக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அண்ணன் ஒரு ரெஜிஸ்டரைச் சொல்லாமலே எடுத்துப் பயன்படுத்தியிருந்தான். அதில்தான் கம்பைலர் தளத்தின் உயரத்தை நம்பி வைத்திருந்தது. அது அழிந்துபோவதை அன்றைக்கு அவன் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறான். முதல் வரியில் அதை இன்னொரு ரெஜிஸ்டருக்கு மாற்றி வைத்து, கடைசி வரியில் திருப்பிப் போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் கேட்காமல் எடுத்து, அதிலிருந்ததை எதிர்வீட்டுப் பாத்திரத்தில் கொட்டி வைத்த கதை. எதிர்வீட்டிலும் கேட்கவில்லை. பழைய கம்பைலர் அந்த எதிர்வீட்டுப் பாத்திரத்தைக் காலியாக விட்டிருந்ததால் இத்தனை காலம் பிழைத்தது. புதியது காலியாக விடவில்லை.

அவள் சோதனைக் கோபுரத்துக்குப் போனாள். அங்கே லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம், அண்ணனின் பழைய வரிகளைப் புதிய கம்பைலரில் ஏற்றி ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னாள். மூன்றாவது தளத்தில் கதவு திறந்தது. லிஃப்டின் தரை இரண்டு விரற்கடை கீழே நின்றது. மெக்கானிக் மேலாளருக்குப் போன் செய்தார்.

மேலாளரும் அண்ணனும் சேர்ந்தே வந்தார்கள். அண்ணன் அவள் எழுதியதைப் படித்தான். அவன் காது சிவந்தது. பிறகு மேலாளரிடம், இது பெரிய விஷயமில்லை, ஒளித்து வைக்க வேறொரு ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றான். மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் லிஃப்டின் வாசலில் போய் நின்றுகொண்டாள். கதவு மூட வந்து, அவள் தோளில் பட்டுத் திரும்பியது.

"மறுபடியும் ஒளிச்சு வைக்கப் போறியா? சக்கர நாற்காலியில வர்றவங்க இந்தப் படியில என்ன பண்ணுவாங்க?"

"அதான் இனிமே கீழ நிக்காதுன்னு சொல்றேன்ல."

"இந்தக் கம்பைலர்ல நிக்காது. அடுத்ததுல?"

அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள். அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்து அனுப்பினால், இங்கே பார்த்ததைப் பாதுகாப்பு ஆய்வாளரிடம் தானே போய்ச் சொல்வதாக, குரலை உயர்த்தாமல் சொன்னாள். வேலை போய்விடும் என்று அவர் எச்சரித்தார்.

"போகட்டும் சார். வேற இடத்துலயும் லிஃப்ட் ஓடுது."

கதவு இன்னொரு முறை வந்து அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனது. மேலாளர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். கடைசியில், அவள் எழுதியதையே ஏற்றிப் பார்க்கச் சொன்னார். அதில் அந்த ஒளித்து வைக்கும் வரிகள் இரண்டும் இல்லை. தொடுகிற ரெஜிஸ்டரின் பெயர் மட்டும் கம்பைலருக்கு வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தது. லிஃப்ட் எல்லாத் தளங்களிலும் தரையோடு தரையாக நின்றது.

யாரும் கைதட்டவில்லை. அவளுடைய வருடாந்திர மதிப்பீட்டில் 'ஒத்துழைப்பு போதாது' என்று எழுதினார் மேலாளர். அதன் கீழேயே, எதில் ஒத்துழைக்கவில்லை என்பதையும் எழுதும்படி அவள் பதில் எழுதிக் கொடுத்தாள். அவர் எழுதவில்லை.

அண்ணன் பல வாரங்கள் பேசவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர்களைத் தனியே விடுவதற்காக, இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அண்ணன் தட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தான். அந்த ரெஜிஸ்டருக்குப் பக்கத்தில், இது முன்பு மறைக்கப்பட்டிருந்தது என்று அவள் ஒரு விளக்கம் எழுதியிருந்தாள். அதை எடுத்துவிடச் சொன்னான்.

"எடுக்க மாட்டேன். நாளைக்கு வர்றவங்க, இது எதுக்குன்னு தெரியாம அழிச்சிடுவாங்க. உன் பேரை எழுதலையே, காரணத்தைத்தானே எழுதியிருக்கேன்."

"சரி, 'மறைச்சது'ங்கறதை 'மறந்தது'ன்னாவது மாத்து."

"மறந்தியா, மறைச்சியா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"முதல்ல மறைச்சேன். அப்புறம் மறந்துட்டேன்."

"அப்போ ரெண்டையும் எழுதறேன்" என்று சொல்லிவிட்டு, அவன் பக்கம் குழம்பை நகர்த்தி வைத்தாள்.