நடமாடும் கிறிஸ்துமஸ் மரம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மனிதகுலம் உடை உடுத்தத் தொடங்கிய நாள்முதல் காணாத ஒரு மகத்தான திருப்பம் இந்தக் கிறிஸ்துமஸ் பருவத்தில் நிகழவிருக்கிறது. நிகழும் இடம், ஒரு துணிக்கடையின் முதல் மாடி. நிகழ்த்துபவர் அந்தக் கடையின் முதலாளியம்மா. தன் கடையில், தானே நடத்தும் 'சிறந்த பண்டிகை உடை' போட்டியில் தானே கலந்துகொள்வது என்று அவர் முடிவெடுத்திருந்தார். பரிசு யாருக்கு என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

உடை, கரும்பச்சை வெல்வெட் கவுன். மரக்கிளைகளைப்போல அடுக்கடுக்காக இறங்கும் பாவாடை. அடுக்குகளுக்கு இடையே பொடிப்பொடி விளக்குகள். காதில் வெள்ளி மணிகள், கழுத்தில் சிவப்பு ரிப்பன், தலைப்பட்டையில் ஒரு நட்சத்திரம். அம்மா மூச்சுவிட்டாலே கிணுகிணுவென்று சத்தம் வந்தது.

இத்தனையையும் தைத்தவர் கடையின் தையல் மாஸ்டர். விளக்குகளை அமைத்துக் கொடுத்தவன் அவருடைய மைத்துனன். வீட்டில் அவனுக்குப் பெயரே 'கரண்டு'. கவுனின் உட்புறம், முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில், ஒரு சின்னப் பையில் பேட்டரிப் பெட்டி. சுவிட்சும் அதிலேயே.

தகராறு ஜிப்பில் ஆரம்பித்தது. அளவு எடுத்தது போன மாதம். அதற்குப் பிறகு அம்மாவின் இடுப்பு யாரையும் கேட்காமல் தன்னிச்சையாகச் சில முடிவுகளை எடுத்திருந்தது. உடைமாற்றும் அறையில் மாஸ்டர் ஜிப்பை இழுத்தார். அது பாதி வழியில் நின்று, இதற்கு மேல் என் பொறுப்பல்ல என்றது.

"ஜிப்பு மட்டம்" என்றார் முதலாளியம்மா.

"மட்டம்தாம்மா."

"தச்சிடு. என்னை வெச்சே தச்சிடு. ஆனா ஒண்ணு மாஸ்டர், ஜிப்பு ஏறலன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரிஞ்சாலும் நாளைக்கு நீ இங்க இல்ல."

அது வெறும் பேச்சு இல்லை. 'இந்த நிறம் உங்களுக்கு எடுக்கலைம்மா' என்று சொன்ன விற்பனைப் பெண் இப்போது எங்கோ செருப்பு விற்கிறாள். மாஸ்டர் இரட்டை நூல் கோத்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை, தையல் கண்ணுக்கே தெரியாதபடி அம்மாவைக் கவுனுக்குள் வைத்துத் தைத்து, கழுத்து ரிப்பனை முதுகில் இடுப்புவரை இறக்கி, அங்கே பூவாகக் கட்டி மறைத்தார். வாழ்நாளில் அவர் போட்ட மிக நேர்த்தியான தையல் அதுதான். பெருமையோடு தடவிப் பார்த்தார். ரிப்பனுக்குக் கீழே வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. சுவிட்ச் உள்ளே. சுவிட்சையும் சேர்த்துத் தைத்தாகிவிட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம்..."

அம்மா கிணுகிணுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மாஸ்டருக்குச் சூட்டை அளக்க ஒரே கருவிதான் தெரியும்: இஸ்திரிப் பெட்டி. முதலில் தொட்டபோது இருந்தது பட்டுக்கு வைக்கும் சூடு. சற்றுப் பொறுத்து, ரிப்பனைச் சரிசெய்வதுபோல் பின்னால் போய் மறுபடி தொட்டார். கம்பளிக்கு வைக்கும் சூடு. வெல்வெட்டுக்கு உள்ளே நைலான் வலைத்துணி. நைலான் பருத்தியைப்போல யோக்கியமாக எரிந்து சாம்பலாகாது. உருகும், பிறகு தொட்டதில் ஒட்டும். ஒருமுறை இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டியதை அவர் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறார். இங்கே அடியில் இருப்பது இரும்பு இல்லை. முதுகு.

அவர் அம்மாவின் காதருகே குனிந்தார்.

"அம்மா, முதுகுல சூடு எதுவும் தெரியுதா?"

"தெரியாம? பாக்கறவளுக்கெல்லாம் வயிறு எரியுது இல்ல" என்றவர், பல்லைக் கடித்துக்கொண்டு, "தொட்டுத் தொட்டுப் பாக்காத மாஸ்டர். ஜனங்க பாக்கறாங்க" என்றார்.

மாஸ்டர் படிக்கட்டுக்கு ஓடி மைத்துனனை அழைத்தார்.

"சூடு வந்தா பயப்படாதீங்க மாமா. வாடை வந்தாதான் பயப்படணும்."

"ப்ளாஸ்டிக் பொத்தான் தீயற மாதிரி லேசா வருதுடா."

"அப்ப சுவிட்ச அமத்துங்க."

"சுவிட்ச தச்சிட்டேன்."

"எதோட?"

"அந்தம்மாவோட."

"மாமா, பிரிங்க! இப்பவே பிரிங்க! அந்தப் பெட்டி ஊதிச்சுன்னா பட்டாசு மாதிரி..." மீதியை மாஸ்டர் கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது அம்மா மேடையில் இருந்தார். எதிரே நாற்காலிகள் முழுக்க வாடிக்கையாளர்கள், தலைக்குத் தலை மான்கொம்பு, மூக்குக்கு மூக்கு சிவப்புப் பந்து. நடுவராக வந்திருந்த வணிகர் சங்கத் தலைவர் முன்வரிசையில் கொட்டாவியை மென்றுகொண்டிருந்தார். "எளிமைதான் அழகு" என்று ஆரம்பித்தார் நட்சத்திரம் வைத்த அம்மா. பாவாடையின் கீழடுக்கில் ஒரு வரிசை விளக்கு இரண்டு தரம் சிமிட்டி அணைந்தது. கூட்டம் கைதட்டியது.

அதே கடையில் மணி கோக்கும் வேலை பார்க்கும் மாஸ்டரின் மனைவி பக்கத்தில் வந்தாள். "என்னங்க, வெளிறிப்போய் நிக்கறீங்க?"

சொன்னார்.

"கத்தரி எங்க?"

"பையில. ஆனா மேடையில பிரிச்சா ஜிப்பு விஷயம் எல்லாருக்கும்... வேலை போயிடும்டி."

"வேலை போனா இன்னொரு கடை. அந்தம்மா வெந்துபோனா எந்தக் கடைக்குப் போவீங்க?" என்று அவரை முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

மாஸ்டர் மேடைப் படி ஏறினார். பின்புறம் போய் நின்றார். ரிப்பன் பூவின் நடுவிலிருந்து நூலிழைபோல ஒரு புகை எழுந்தது. அம்மா சிரித்த முகத்தை மாற்றாமல், உதட்டோரமாக, "கீழ இறங்கு" என்றார்.

"அசையாதீங்கம்மா. கும்பிடறேன், அசையாதீங்க."

பையிலிருந்து கத்தரியை எடுத்தார். கத்தரி முனை சதையில் பட்டுவிடுமோ என்று ஒரு பயம். படாமல் ஜாக்கிரதையாக வெட்டினால் நேரமாகிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். கண்ணுக்குத் தெரியாத தையலைப் போட்ட கெட்டிக்காரனை அவரே சபித்தார். எங்கே வெட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் துணியோடு சேர்த்து இடுப்புவரை ஒரே கிழி. உள்ளே கையை விட்டார். சூடு விரல்களைக் கடித்தது. பிய்த்து எடுத்துத் தரையில் வீசினார்.

பெட்டி உஸ்ஸென்று சீறி, வெள்ளையாகப் புகையைக் கக்கிச் சுழன்றது. மேடையே மூடிக்கொண்டது.

"ஆஹா, பனி!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை.

புகைக்குள் மாஸ்டர் தன் சட்டையைக் கழற்றி அம்மாவின் முதுகில் போர்த்தினார். தோலில் ஒரு சிவந்த தடம், அவ்வளவுதான். அம்மா அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். காதுமணிகள் தாமாகவே கிணுகிணுத்தன.

"மாஸ்டர்..." என்றார்.

"ஒண்ணும் இல்லம்மா. முடிஞ்சுது. டாக்டர்கிட்ட போயிடலாம்."

"அதில்ல. ஜிப்பு ஏறலன்னு யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

மாஸ்டர் பனியனோடு நின்று யோசித்தார். "தெரியாதும்மா. எல்லாரும் புகையைத்தான் பாத்தாங்க."

"அப்ப சரி" என்று அம்மா நிமிர்ந்து, சட்டையைச் சால்வைபோல இழுத்துவிட்டுக்கொண்டு, முடிவை அறிவிக்கும்படி நடுவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் பரிசு, சிவப்புக் குல்லாய் போட்டிருந்த ஒரு நாய்க்குக் கிடைத்தது.