பேசாத பெண்ணின் முகவாய்

1

இக்கதை கோபத்தில் பிறந்தது, ஒளிப்பானேன்? நான் நெடுங்காலமாய்க் குடியிருக்கும் ஆல்டர்பெக் என்னும் ஆங்கிலேயச் சிற்றூரின் மதுவிடுதி வாசலில், இரும்புச் சட்டத்துக்குள், மரப்பலகையில் தீட்டிய தலையில்லாத பெண்ணொருத்தியின் படம் தொங்கியது. கழுத்தில் சிவப்பு. அடியில் விடுதியின் பெயர்: 'பேசாத பெண்'. தலையை எடுத்தால்தான் பெண் வாய் மூடுவாள் என்பது நகைச்சுவையாம். தலைமுறைகள் அதன் கீழே நுழைந்து, குடித்து, சிரித்தன. கண்டனத் துண்டறிக்கை எழுத அமர்ந்தேன். விடுதிக்காரி எனிட் குறுக்கே வந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "முன்னொரு நாளில் கணவனொருவன் தன் மனைவியை—"

(நிறுத்திவிட்டேன். ஊரார் சொல்லும் பெயர்க்கதை இது. இதைத் திரும்பச் சொல்வதும் இன்னொரு வெட்டு.)

இரண்டாம் தொடக்கம்: கணவன் இறந்தபின் விடுதியைத் தனியே நடத்தும் எனிட் ஹெப்டன், அந்தப் படத்துக்குத் தலை வரையப்போவதாகவும் பெயரை மாற்றப்போவதாகவும் அறிவித்தாள்.

"மாத்திப் பாரு," என்றார் வியாழன்தோறும் அங்கே அம்பெறிந்து ஆடும் டார்ட்ஸ் அணியின் தலைவர் கிளிஃப். "டீமோட பாலத்தடி கடைக்குப் போயிருவோம்."

"போங்க. அந்தக் கடைக்காரன் பியர் குழாயக் கழுவினதே கெடையாது."

"தலைய வச்சா அவளும் பேச ஆரம்பிச்சிருவா கண்ணு. நீ ஒருத்தி பேசறதே தாங்கல."

எல்லோரும் சிரித்தார்கள். எனிட் சிரிக்கவில்லை. அணி போனால் வியாழக்கிழமை வியாபாரம் போகும். அது போனால் விடுதி மூடும். மாடியில் அவள் குடியிருக்கும் வீடும் அதனுடன் போகும். ஆயினும் மறுநாள் காலையில் ஏணியை எடுத்துச் சார்த்தினாள்.

(கிளிஃபைக் கொடியவராக்க என் கை துடித்தது. ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்து நின்றவரோ அவரே. கொடியவர்கள் ஏணி பிடிப்பதில்லை என்று இங்கே ஒரு பொன்மொழி— வேண்டாம்.)

3

சட்டத்தைக் கழற்றிப் பலகையைத் தரையில் கிடத்தினார்கள். இரும்பு விளிம்பு இத்தனை காலமும் மறைத்திருந்த இரண்டு விரல் அகலம் வெளிச்சத்துக்கு வந்தது.

"இது ரத்தமில்ல," என்றாள் எனிட். "கழுத்துத் துணி. முடிச்சப் பாருங்க."

முடிச்சுக்கு மேலே ஒரு முகவாய். அதற்கும் மேலே கீழுதடு, அதன்மேல் திறந்த வாயின் கருங்கீற்று. அதன்பின் ரம்பத்தின் தடம்.

சட்டம் சிறியதாய் இருந்திருக்கிறது. அதற்குள் அடக்க எவனோ பலகையின் தலைப்பகுதியை அறுத்திருக்கிறான். பெயர் எழுதிய கட்டையோ வேறு மரம், பின்னாளில் ஆணியடித்தது. படத்தில் எவனும் எவளையும் வெட்டவில்லை.

எனிட் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒதடு பிரிஞ்சிருக்கு கிளிஃப். ஏதோ சொல்லிக்கிட்டிருந்திருக்கா."

கிளிஃப் தொப்பியைக் கழற்றினார். "எங்கப்பன் காலத்துலேருந்து இதச் சொல்லித்தான சிரிச்சிட்டிருக்கோம்." குனிந்து அந்த முகவாயின் தூசியை விரலால் துடைத்தார். "சரி, வரைஞ்சுக்கோ. வியாழக்கெழம ஆட்டம் இங்கதான். டார்ட்ஸ் போர்டுக்கு மேல வெளக்க மட்டும் மாத்து, கண்ணு தெரியல."

துண்டறிக்கையைக் கிழித்தேன். ஒரு கொலை நடக்கவே இல்லை என்று அறிவது எத்தகைய ஆறுதல்!

4

மேலே பலகை ஒட்டி எனிட் வரைந்த முகம் இன்று அவளுக்கு இருக்கிறது. பெயர்க்கட்டைதான் வெறுமையாக இருக்கிறது. 'விடுதலைப் பெண்' என்றெழுதிக் கொடுத்தேன். "மீட்டிங்குக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு," என்றாள் எனிட். 'சிவப்புத் துணி' என்றேன். "சலவைக்கடையா இது?"

ஆகவே, வாசகரே, தூரிகையை உம்மிடம் தருகிறேன். பெயரை நீர் எழுதும். எழுதுமுன் ஏணியில் ஏறி, அவளையே ஒரு வார்த்தை கேளும்.