பேர்னாட் வார்த்த குண்டுகள்

கணவர் பேர்னாட் இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகுதான் பேர்ள் கராஜைத் திறந்தாள். வேலை மேசையில் ஒரு பிஸ்கற் டின் இருந்தது. அதற்குள் அவர் கடைசியாக வார்த்த ஈயக் குண்டுகள்.

அவருடைய பொழுதுபோக்கு, அவர்கள் குடியேறிய மெரிலேண்ட்ஸில் எவருக்கும் விளங்கியதில்லை. மன்னாரிலிருந்து தப்பி வந்த மனிதர், குழலின் வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டுச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் எடுத்து, சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு சுடும் கிளப்புக்குப் போய்வந்தார். பேர்ளின் தம்பி கிறிஸ்ரியன் மன்னாரில் துப்பாக்கிச் சூடுபட்டு இறந்தவன். புதுவருட வாணவேடிக்கைக்கே அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வெடிக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சயும் வெடியோ?" என்று ஒருமுறை கேட்டாள்.

"இது வேற, பேர்ள். ஒருநாள் வந்து பாரும்" என்றார். அவள் போகவேயில்லை.

கிளப் நண்பன் ஜெகதீஷ், கெல்லிவில்லில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரன், அன்று வந்திருந்தான். துப்பாக்கி முறைப்படி அவன் பெயருக்கு மாறியிருந்தது. பேர்னாட்டின் நினைவாகக் கிளப்பில் ஆளுக்கொரு குண்டு சுடப்போவதாகச் சொன்னான். பேர்ள் டின்னை நீட்டினாள்.

"அவர் செய்ததையே சுடுங்கோ."

ஜெகதீஷ் ஒன்றை எடுத்து அளந்து பார்த்தான். "முடியாதுக்கா. அச்சு கொஞ்சம் சின்னதா இருந்திருக்கு. குழல்ல லூஸா நிக்கும். சாய்ச்சா குண்டு மருந்தை விட்டு முன்னாடி நகர்ந்துடும். நடுவுல இடைவெளி விழுந்தா குழலே வெடிச்சாலும் வெடிக்கும். இதை உருக்கி வேற அச்சுல ஊத்திடலாம்."

"உருக்க வேண்டாம். வேற வழி இல்லையோ?"

அவன் சற்று யோசித்தான். "அரத்துல உருட்டிப் பாக்கலாம். நர்லிங்னு சொல்வாங்க."

தட்டை அரம் ஒன்றை மேசையில் இறுக்கிப் பூட்டினான். அதன்மேல் குண்டைக் கிடத்தி, இன்னொரு அரத்தால் மேலிருந்து அழுத்தி உருட்டினான். அரத்தின் பற்கள் ஈயத்தில் பதிந்து, சுற்றிலும் மெல்லிய வரிகள் எழும்பின. குண்டு மயிரிழை பருத்தது. மறுபடி அளந்தான். அளவு சரியாக இருந்தது.

"தாரும், நான் செய்யிறன்" என்று பேர்ள் கையுறை மாட்டினாள்.

முதல் குண்டு நசுங்கிப் போனது. அதை மேசை ஓரத்தில் தனியே வைத்தாள்.

"பரவால்லக்கா. ஈயம் ரொம்ப மெத்துனு இருக்கும். அழுத்தாம ஓட விடுங்க."

அடுத்தது வட்டமாக வந்தது. டின்னிலிருந்து அடுத்ததை எடுத்தாள். பேர்னாட் இந்த மேசையில் தனியே இருந்த மாலைகளில் எல்லாம் அவள் உள்ளே டிவிச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். கண்ணீர் அரத்தில் விழுந்தபோது துடைத்துவிட்டு மறுபடி உருட்டினாள்.

சனிக்கிழமை அவளும் கிளப்புக்குப் போனாள்.

"பயமா இருந்தா கார்ல இருங்க" என்றான் ஜெகதீஷ்.

"இல்லை, நான் நிக்கிறன்."

ஜெகதீஷ் வரிகளில் கொழுப்பு பூசி, மருந்துக்கு மேல் குண்டை வைத்துக் கோலால் அழுத்தினான். அது வழுக்காமல் இறுக்கமாக இறங்கி, மருந்தின்மேல் உட்கார்ந்தது. கிளப் பொறுப்பாளர் சுடப்போவதை உரத்த குரலில் அறிவித்தார். எல்லாரும் பேச்சை நிறுத்திக் கோட்டுக்குப் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு கணம் அமைதி. பிறகு வெடிச்சத்தம்.

காதுக்கவசத்தையும் மீறி அது அவள் நெஞ்சில் இடித்தது. கிறிஸ்ரியன் விழுந்த முற்றம் கண்ணில் வந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைப் புகை மெல்லக் கலைந்தது. அடுத்தவர் வந்தார். மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் அமைதி.

நாலைந்து பேர் சுட்ட பிறகு அவள் வேலியை விட்டாள்.

"சொல்லிப்போட்டுச் சுடுறாங்கள்" என்றாள் ஜெகதீஷிடம். "அங்க ஒருத்தரும் சொல்லேல்லை. என்ர மனுசன் இதுக்குத்தான் இஞ்ச வந்திருக்கிறார்."

அவன் டின்னைத் திறந்து பார்த்தான். டின்னில் ஒரு குண்டு மீதமிருந்தது. "இதை நீங்க வீட்டுல வச்சுக்கிறீங்களாக்கா?"

"வேண்டாம். அதையும் சுடுங்கோ."

அவன் மருந்தை அளந்து ஊற்றினான். பேர்ள் காதுக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, பொறுப்பாளரின் குரலுக்காகக் காத்து நின்றாள்.