பெயர் எழுதும் கட்டம்

நோலீன் செய்தது விதிப்படி செய்த தப்பு. கல்லூரியில் மாணவர் கடன் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். பதினோரு வருடமாக அதே மேஜை. யாருக்குப் போன் செய்தாலும் முழுப்பெயரைச் சொல்லி, ஆள் அவர்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கடனைப் பற்றி வாய் திறக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை, கடன் படிவம் அனுப்பாதவர்கள் பட்டியலில் ஒரே ஒரு மாணவன் பாக்கி. அவன் கைபேசி அணைந்திருந்தது. கோப்பிலிருந்த இரண்டாவது எண்ணுக்கு, அவன் வீட்டு எண்ணுக்குப் போட்டாள். யாரோ எடுத்தார்கள். அவன் பெயரை முன்பாதி பின்பாதி இரண்டும் சேர்த்து, நல்ல தெளிவாகச் சொல்லி, "அவர்தானே பேசறது?" என்று கேட்டாள்.

மறுமுனையில் ஒரு பெண் வீறிட்டு அழத் தொடங்கினாள். அவளோடு இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். அவன் ஊரில் போனை ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவார்கள். இவள் சொன்ன பெயர் கூட்டம் மொத்தத்துக்கும் கேட்டிருக்கிறது.

பாலைவன நகரமான ஆலிஸில் முப்பது வருடமாகப் பழங்குடி மக்களோடு பழகியவளுக்கு அந்த அழுகை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனுக்கு வைத்திருந்ததே அவன் பெரியப்பாவின் பெயரைத்தான். பெரியப்பா போய்விட்டார்; செய்தி இன்னும் அவளுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆள் போனால் பெயரும் கூடவே மூடிக்கொண்டுவிடும். குடும்பம் திறக்கும் வரை அதை யாரும் சொல்லக்கூடாது, எழுதக்கூடாது. அதே பெயர் உள்ள மற்றவர்கள் எல்லோரும் அதுவரை வெறும் 'குமன்ஜாய்', அதாவது பெயர் மூடப்பட்டவர். அந்தப் பெயர் இந்தக் கதையிலும் எழுதப்படாது. ரொம்பச் சாதாரணமான வெள்ளைக்காரப் பெயர்தான். ஆலிஸில் அந்தப் பெயரில் ஒரு டயர் கடைகூட உண்டு. துக்கம் தீரும்வரை குடும்பத்தார் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்கள்.

பெரியப்பா நோலீனுக்கும் வேண்டியவர். சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஊரை விட்டு ஆலிஸுக்கு வந்து ஒன்பது வருடம் கிடந்தார். சிகிச்சை இல்லாத நாட்களில் கல்லூரி வாசலில் வந்து உட்கார்ந்து, "தங்கச்சி, டீ" என்பார். அவளுக்கு 'நபுருலா' என்று குலப்பெயர் கொடுத்ததும் அவர்தான். குலப்பெயர் வந்துவிட்டால் உறவும் வந்துவிடும். அன்றிலிருந்து அவருக்கு அவள் தங்கை. குலப்பெயரால் ஜகமரா என்றே எல்லோரும் கூப்பிடும் அந்த மாணவனுக்கு அத்தை. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது; ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் விளையாட்டை விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட அண்ணனின் சாவு வீட்டுக்குள் அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆனாலும் விஷயம் அப்படியே இருந்தது. அரசுக் கடனில் படிப்பவர்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, 'இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கெடு. தாண்டினால் கடன் நின்றுவிடும். ஜகமராவுக்கு நர்ஸ் படிப்பில் பாக்கி இருந்தது ஆறு வார ஆஸ்பத்திரிப் பயிற்சி மட்டும்தான். கைக்காசு போட்டு அதை முடிக்க அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வழி கிடையாது. படிவத்தின் உச்சியில் அவன் பெயர் அச்சாகியிருக்கும். அடியில் ஒரு கட்டம். அதில் அவனே தன் முழுப்பெயரை எழுத வேண்டும்.

தலைநகரத்துக் கடன் அலுவலகத்தின் உதவி எண்ணில் ஒரு இளைஞன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"பேர மாத்திட்டாரா மேடம்? சான்றிதழ் இருந்தா அனுப்புங்க."

"மாத்தல. கொஞ்ச நாளைக்கு அந்தப் பேரு கெடையாது."

"கெடையாதுன்னா?"

"யாரும் சொல்லக்கூடாது, எழுதக்கூடாது. அவனும்தான்."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு வருஷமோ ரெண்டோ. குடும்பத்துல எப்ப சொல்றாங்களோ அப்ப."

விசைப்பலகை தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "அதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்ல மேடம்" என்றான். பாவம், நிஜமாகவே வருத்தப்பட்டான். எட்டுப்பேரிடம் போய் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டும் அதையேதான் சொன்னான்.

கல்லூரி முதல்வர் டார்சிக்கு இதெல்லாம் சின்ன விஷயம். "அவன் பிறந்த தேதி உனக்குத் தெரியும். நீயே உள்ள போய் எழுதிடேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் வியாழக்கிழமை, தலையை மட்டும் உள்ளே நீட்டி.

"படிக்கவே வராத ஆளுங்க பேர்லல்லாம் அப்படித்தான் ஒரு காலத்துல காலேஜ்காரங்களே கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினாங்க, ஊர் ஊரா. அந்தப் பாவத்த என் கையால செய்யச் சொல்றீங்களா?"

"இவன் படிக்கறவன்தானே நோலீன்."

"அப்ப அவன்தான் சொல்லணும்" என்று கத்தினாள். ஆனால் அவர் போன பிறகு, உள்ளே நுழையும் பக்கத்தைத் திறந்து, அவன் பிறந்த தேதியையும் தட்டிவிட்டு, கால் மணி நேரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு மூடினாள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை மாவு, சர்க்கரை, தேயிலை, நான்கு கம்பளி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, அவன் ஊருக்குப் போகும் தனாமி சாலையில் கிளம்பினாள். கல்லூரியின் கைக்கணினி பக்கத்து இருக்கையில் இருந்தது. அதன் திரையின் உச்சியில் பெயர் வரும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். அண்ணனுக்கு அழப் போகிறவள் கையில் படிவத்தோடு போகிறாளே என்று வழியெல்லாம் தன்னையே ஏசிக்கொண்டாள்.

செத்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊர் ஓரத்தில் தார்ப்பாய் கட்டி எல்லோரும் திறந்த வெளியில் இருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும், நாய்களைச் சேர்க்காமல். முதலில் அழுகை, பிறகுதான் பேச்சு. நோலீன் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியில் அண்ணி. தலையை மழித்து, உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசியிருந்தாள். கணவனை இழந்தவள் இனி ஒரு வருடமோ இரண்டோ வாய் திறக்கமாட்டாள், கையால்தான் பேச்சு.

"அண்ணி, அன்னைக்கு போன்ல நான்தான்..." என்று நோலீன் ஆரம்பித்தாள். அண்ணி தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

ஜகமரா ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயதுக்காரன் நாலே நாளில் இளைத்திருந்தான்.

"அழுது முடிச்சிட்டியா அத்த? வண்டில இருக்கறத எடு. அதுக்குத்தான வந்த."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் போய் எடுத்து வந்தாள். பிளாஸ்டரைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"ரத்தம் வந்துச்சா அதுக்கு? என்னவிட நீ நல்ல நர்ஸு."

"கேலி அப்புறம் பண்ணு. மணி நாலு அடிச்சாச்சு."

"என்ன கேக்கறாங்க?"

"இன்னும் படிக்கறியான்னு."

"படிக்கறேன். போதுமா?"

"என்கிட்ட சொன்னாப் பத்தாதுடா. கீழ பேரெழுதணும்."

அவன் திரையைக் கவிழ்த்து மடியில் வைத்தான். "மொதநாளே பன்னண்டு மெசேஜு அத்த. 'ஞாபகமிருக்கா, ஞாபகமிருக்கா'ன்னு. ஒவ்வொண்ணும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுது. போனு பெரியம்மா பக்கத்துல கெடந்துச்சு. கடைசில மண்ணத் தோண்டிப் பொதச்சேன்."

"எனக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சா ஏன் கொண்டாந்த? அவங்க இங்க உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி நான் அத எழுதறதா?"

"எழுதலன்னா அஞ்சு மணியோட போச்சு."

"போட்டும். அடுத்த வருஷம் மொதல்லேர்ந்து படிக்கறேன்."

"அப்பவும் பேரெழுதச் சொல்லுவாங்க."

"அப்ப அதுக்கு அடுத்த வருஷம்."

நோலீனுக்குப் பொறுமை போய்விட்டது. "ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் ரெண்டு இந்த ஊருக்கு வந்து பூட்டிக் கெடக்கு, பாத்துக்க ஆளில்லாம. நீ வந்து ஓட்டுவேன்னு அவரு வாசல்ல உக்காந்து நாள் எண்ணிட்டிருந்தாரு. ஒம்பது வருஷம் சொந்த ஊர் மண்ண மிதிக்காம..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். போனவரைப் பற்றித் துக்கத்துக்கு நடுவில் இப்படிப் பேசவே கூடாது. சுற்றிலும் பேச்சு நின்றுவிட்டிருந்தது.

தரையில் படார் என்று ஒரு அடி விழுந்தது. அண்ணிதான். எல்லோரும் திரும்பினார்கள். அவள் ஜகமராவைப் பார்த்து ஒரு கையை விரித்துத் திருப்பினாள்: என்ன அது?

அவன் அவர்கள் மொழியில் சொன்னான். நீளமாகச் சொன்னான், தலை நிமிராமல். கடைசியில் பிளாஸ்டர் ஒட்டிய திரையைத் தூக்கிக் காட்டினான். அண்ணி வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு அவள் விரல்கள் வேகமாக அசைந்தன. அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் திரும்பவும் அதையே சொன்னாள், மெதுவாக.

"என்ன சொல்றாங்க?" என்று நோலீன் கிசுகிசுத்தாள்.

அவன் பதில் சொல்வதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். கம்பளியை இழுத்துக்கொண்டு தார்ப்பாய்களைத் தாண்டி, வெயிலில், நூறு அடி தள்ளிப் போய் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கிழவர்கள் கைத்தடி ஊன்றி எழுந்தார்கள். கைக்குழந்தைகள், தேநீர்ச் சட்டி, நாய்கள் எல்லாம் நகர்ந்தன. போனவர்கள் எல்லோரும் அவளுக்குப் பக்கத்தில் அதே மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

மரத்தடியில் இவர்கள் இருவரும்தான் மிச்சம். நாலரை மணி. நோலீன் படிவத்தைத் திறந்து கொடுத்தாள்.

"நடுவுல ஏதாச்சும் தப்பு காட்டினா, மேல வலது பக்கம்..."

"நீயும் போ அத்த."

"நான் பாக்கமாட்டேன்டா, இங்கயே..."

"போ. நீயும் அவருக்குத் தங்கச்சிதான."

பதினோரு வருடத்தில் ஒரு மாணவனின் படிவத்தைப் பாதியில் விட்டு அவள் நகர்ந்ததில்லை. எழுந்து நடந்தாள். அண்ணிக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டதும், கல்லூரி வாசலும் டீ கேட்கும் அந்தக் குரலும் நெஞ்சுக்குள் வந்து நின்றன. வந்தவுடன் அழுததில் பாதி மரியாதைக்கு. இப்போது வந்த அழுகைக்குக் காரணம் அண்ணன் செத்துப்போனது மட்டும்தான். எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை.

அவன் வந்து கைக்கணினியை அவள் பக்கத்தில் வைத்தான். "ஆச்சு" என்றான். திரையை அணைத்திருந்தான். பதிவாயிற்றா, ஐந்துக்கு முன்பா என்று அவள் எடுத்துப் பார்க்கவில்லை. அவன் பெரியம்மாவுக்கு எதிரில் போய் மண்டியிட்டான்; பெயரை எழுதிய வலது கையை, அது தன்னுடையதே இல்லை என்பது போல உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். தன் இரண்டு கைகளாலும் அதை மூடிப் பிடித்துக்கொண்டாள். பேசுவதற்கு அவளுக்கு இருந்தவை அந்தக் கைகள்தான். வெயில் இறங்கும்வரை அவள் அவற்றை எடுக்கவில்லை.