பச்சோந்திக்கு ஒரு ஷோகேஸ்

தம்புள்ளையிலிருந்து பூசணிக்காய் ஏற்றிவந்த லொறியில், காய்களுக்கு நடுவே ஒரு பச்சோந்தியும் எங்கள் ஊரான உக்குவளைக்கு வந்துவிட்டது. லொறி ஓட்டுகிற என் அண்ணன் றினோஸ் நாநா அதை ஒரு காட்போட் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். முன்கால் ஒன்று நசுங்கியிருந்தது.

"தங்கச்சி, நீ படிச்சது இதத்தானே?" என்று பெட்டியை என் மடியில் வைத்தார்.

நான் விலங்கியல் பட்டதாரி. பட்டம் வாங்கிய பிறகு என் படிப்பை வீட்டில் யாராவது நினைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. பச்சோந்தியை வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது என்பதும் எனக்குத் தெரியும். வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். ஆனால் தெரியாதவர்களோடு போனில் பேச எனக்குக் கூச்சம். வாப்பாதான் எண்ணை அழுத்தி என் காதில் வைத்தார்.

அதிகாரி சிங்களத்தில் பேசினார். மிருக வைத்தியரிடம் காட்டி மருந்து கட்டுங்கள், கால் ஆறும்வரை நீங்களே வைத்திருங்கள், பிறகு நான் வந்து எடுத்துப்போய்க் காட்டில் விடுகிறேன் என்றார். கடைசியில், "செத்துப்போனால் உங்களைத்தான் கேட்பேன், மிஸ்" என்றார்.

"ஹரி சேர்" என்று சிங்களத்திலேயே சரி சொன்னேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ.

ஆக, கூடு வேண்டும். பச்சோந்திக்கு மீன்தொட்டி சரிவராது. எல்லாப் பக்கத்தாலும் காற்று வரவேண்டும். அகலத்தைவிட உயரம் முக்கியம். ஏறுவதற்குக் கிளை, ஒளிவதற்கு இலை, காலை வெயில், வெயில் கூடினால் ஒதுங்க நிழல். இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து, நாலு பக்கமும் 'வலை' என்று எழுதி வாப்பாவிடம் கொடுத்தேன். வாப்பா அதைப் பொன்னையா பாஸிடம் கொடுத்தார். தச்சரை எங்கள் ஊரில் பாஸ் என்போம்.

பொன்னையா பாஸ் கலியாணத்துக்கு ஷோகேஸ் செய்வதில் பேர்போனவர். பெண்ணோடு வரும் பீங்கான் சாமான்களை ஹோலில் அடுக்கிவைக்கிற அலுமாரி அது. உள்ளே முதுகுப்பக்கம் முழுவதும் முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கும். ஆறு கோப்பை வைத்தால் பன்னிரண்டாகத் தெரியும்.

கூடு த்ரீவீலரில் வந்து இறங்கியது. மூன்று பக்கம் நல்ல வலை. கடைந்த கால்கள், பொலிஷ், பித்தளைக் குமிழ். பின்பக்கம் கண்ணாடி.

"பாஸ், பின்னால..." என்றேன்.

"தெரியும்மா. நீங்க கண்ணாடி எழுத மறந்துட்டீங்க, நானே போட்டுட்டேன். வாயில்லாத சீவன், தனியா கெடந்தா ஏங்கிப் போயிருமுங்க. தொணைக்கு ஒன்னு தெரியட்டுமே."

அன்பாகச் செய்தவரிடம் என்ன சொல்வது? "இல்ல... அது..." என்றேன்.

"அட, இதுக்கெல்லாம் தேங்க்ஸ் எதுக்குங்க" என்று தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சமையலறைக்குப் பின்னால், வெயில் விழும் இடத்தில் கூட்டை வைக்க நினைத்திருந்தேன். அந்தச் சைத்தானை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த உம்மா, அலுமாரியைக் கண்டதும் மாறிவிட்டார். "இவ்வளவு வடிவான சாமான குசினிக்குப் பின்னால வைக்கிறதா? ஹோல்ல வைங்க."

கொய்யாக் கிளைகளை உள்ளே கட்டி, வைத்தியர் கட்டுப்போட்ட காலோடு பச்சோந்தியை ஏற்றிவிட்டேன். அதன் ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றக் கண் கண்ணாடியைப் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன. உடம்பை ஊதிப் பெருப்பித்து, கருகிய தேங்காய்ச் சிரட்டை நிறத்துக்கு மாறி, வாயைப் பிளந்து சீறியது. கண்ணாடிக்குள்ளிருந்ததும் சீறியது.

"சலாம் சொல்லுது" என்றார் வாப்பா.

பச்சோந்தி தனியாக வாழும் பிராணி. தன் கிளைக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டதாக அது நினைத்தது. அவன் போகும்வரை இது சாப்பிடாது. அவனும் போகிற ஆள் இல்லை. கண்ணாடிக்கு நான் பேப்பர் ஒட்டினேன். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் உம்மா கிழித்துவிட்டார். "புதுச் சாமானுக்குப் பேப்பர் ஒட்டுறதா? பாஸ் கண்டா என்ன நெனப்பாரு?"

பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது, இலையில் விழும் துளியைத்தான் நக்கும். அதனால் பார்மசியில் சேலைன் போத்தலும் குழாயும் வாங்கி, வெறும் தண்ணீர் நிரப்பி, இலையில் சொட்டுமாறு மேலே கட்டினேன். அது பிழையாகிவிட்டது. சேலைன் ஏறுகிறது என்று கேள்விப்பட்டதும் ஊர் நோய் விசாரிக்க வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஆஸியா மாமி மேரி பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து கூட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டுக்கும் சேத்து ஒரு சேலைன்தானா? பாவம், மத்ததுக்கும் ஒண்டு போடு புள்ள."

வாப்பா திருத்தவில்லை. அவர் ஏற்கெனவே எல்லாருக்கும் 'ஜோடி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விட்ட வெட்டுக்கிளிகள் கண்ணாடியில் ஏறி இறங்கி விளையாடின. பச்சோந்தி ஒன்றையும் தொடவில்லை. கண்கள் குழிவிழுந்தன. உம்மா உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுவந்து சுற்றினார். "கண்ணூறு. வாறவங்க எல்லாரும் இப்பிடிப் பாத்தா?"

நோய் பார்வையால் வந்தது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யாருடைய பார்வை என்பதில்தான் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஹோல் நிறைந்திருந்தது. தன் வேலையைப் பார்க்கப் பொன்னையா பாஸும் வந்திருந்தார். பச்சோந்தி கண்ணாடியை நோக்கிப் பாய்ந்தது. கட்டுப்போட்ட கால் வழுக்க, கிளையிலிருந்து தலைகீழாக விழுந்து அப்படியே கிடந்தது.

"கண்ணாடியக் கழட்டுங்க!"

சத்தம் என்னுடையதுதான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது என்று தெரிந்ததால் நான் நிறுத்தவில்லை.

"இது ஜோடி இல்ல. ஒண்டுதான் ஈக்கிது. கண்ணாடிக்குள்ள ஈக்கிறவனோட சண்ட புடிச்சிப் பட்டினி கெடக்குது. செத்தா என்னத்தான் கேப்பாங்க. இப்பவே கழட்டுங்க பாஸ்."

பாஸ் தலையைச் சொறிந்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன்."

"எப்பங்க?"

பாஸ் மடியிலிருந்த ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தார். வாப்பா சுவரில் தொங்கிய கலண்டரை வெகு கவனமாகப் படித்தார். கண்ணாடி வெளியே வந்தபோது ஆஸியா மாமிக்கு மனம் கேட்கவில்லை.

"அப்ப, மத்தது எங்க போகும்?"

பின்பக்கத்துக்கும் வலை அடித்தார்கள். நான் இன்னும் இலை சேர்த்தேன், ஹோல் பக்கமாகவே அடர்த்தியாக. பின்னேர அஸர் தொழுகைக்குள் பச்சோந்தியின் கருமை இறங்கியது. மெல்லப் பச்சையானது. பிறகு காணவில்லை.

இப்போது வந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கொய்யா இலையும் அதற்கு ஏறுகிற சேலைனும்தான்.

"ஈக்கிது, நல்லாப் பாருங்க" என்றார் வாப்பா.

"எங்க, ஹாஜியார்?" என்று வாப்பாவைக் கேட்டார்கள்.

"உள்ளதான்... எங்கயோ."

"ஆள் வந்தா காட்ட ஒண்டுமில்ல" என்று உம்மா முணுமுணுத்தார். "இதுக்குப் பித்தளைக் குமிழ் வேற."

நான் வலையோடு முகத்தை வைத்துப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே ஒரு கண் சுழன்று என்னைத் தாண்டிப் போய், ஒரு வெட்டுக்கிளியில் நின்றது. சட்டென்று ஒரு சத்தம். வெட்டுக்கிளி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

எனக்குப் பின்னால் எல்லாரும் சேர்ந்து, கூட்டுக்குள் ஒன்றுமே இல்லை என்று முடிவுசெய்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஓர் இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அது மென்றுகொண்டிருந்தது.